மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடைக்குள் வேலை எப்படி இருந்தது?

கேள்வி இதுதான்: சிகாகோ டவுன்டவுனில் இருந்த மார்ஷல் ஃபீல்ட்ஸ் மாதிரியான பிரம்மாண்டமான டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களில் வேலை பார்த்தவர்கள், பல வருடங்கள் கழித்தும் அந்த வேலையைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறார்களே, நாள் முழுக்க நின்றுகொண்டு சாமான் விற்பதில் அப்படி என்ன இருந்தது?

நான் அங்கே வேலை பார்த்தவள். 90களின் பிற்பகுதியில், ஸ்டேட் தெருக் கடையில், பீங்கான் பாத்திரப் பிரிவில். 1950களிலேயே இந்தத் தொழிலுக்கு வந்து, நான் சேர்ந்தபோதும் கவுண்ட்டரில் நின்றுகொண்டிருந்த பெண்களிடம்தான் வேலை கற்றேன். ஆகவே நான் பார்த்ததும் அவர்கள் சொல்லிக் கேட்டதும், இந்தக் கடைகளின் வரலாற்றைப் பின்னால் தேடித் தேடிப் படித்ததும் இந்தப் பதிலில் கலந்தே வரும்.

கட்டிடத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஸ்டேட், ராண்டால்ஃப், வாபாஷ், வாஷிங்டன் என்ற நான்கு தெருக்களுக்கு நடுவே ஒரு முழு பிளாக்கை அடைத்து நிற்கிறது. 1892 முதல் 1914 வரை பகுதி பகுதியாகக் கட்டியது. உள்ளே ஒரு முற்றத்துக்கு மேலே, 1907-இல் டிஃபனி நிறுவனம் பதித்த கண்ணாடி மொசைக் விதானம். 16 லட்சம் துண்டுகள் என்பார்கள். வெளியே மூலையில் ஏழே முக்கால் டன் எடையுள்ள வெண்கலக் கடிகாரம், 1897-இல் வைத்தது. "கடிகாரத்துக்குக் கீழே நில்லு, வந்துவிடுகிறேன்" என்று சொல்லாத சிகாகோக்காரர் அந்தக் காலத்தில் கிடையாது. இதெல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் பின்வாசல் வழியாக வேலைக்குள் நுழைகிறவருக்கு விதானம் ஒரு மாதத்தில் பழகிவிடும். எங்கள் மனதில் தங்கியது வேறு.

எங்களுக்கு ஒரு பிரிவைக் கொடுத்து, அதைக் கற்றுக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். கற்றுக்கொண்டதற்கு மரியாதையும் கிடைத்தது. என் பதிலின் சாரம் இவ்வளவுதான். அது நடைமுறையில் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் புரியும்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு மூத்த பெண்மணி என்னை அழைத்து போன் சைனா என்ற உயர்ரகப் பீங்கான் தட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். "விளக்குக்கு நேரே பிடி" என்றார். பிடித்தேன். தட்டுக்குப் பின்னால் இருந்த என் விரல்களின் நிழல் தட்டு வழியாகவே தெரிந்தது. எலும்புச் சாம்பல் கலந்த நல்ல போன் சைனா அப்படித்தான், ஒளியை உள்ளே விடும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை விளிம்பைச் சுற்றி ஓட்டச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சின்ன உடைசல் விரலுக்குத் தட்டுப்படும். கடைசியாகத் தட்டை மூன்று விரல் நுனியில் நிறுத்தி, பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டினார். மணி மாதிரி கணீரென்று ஒலித்து, சத்தம் மெதுவாக அடங்கியது. பக்கத்தில் திருப்பி அனுப்ப வைத்திருந்த இன்னொரு தட்டைத் தட்டினார். டக் என்று ஒரு மொட்டைச் சத்தம், அவ்வளவுதான். எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு 12 பேருக்கான செட் அனுப்புகிறோம் என்றால், ஒவ்வொரு தட்டும் இந்த மூன்று சோதனையையும் தாண்டித்தான் பெட்டிக்குள் போகவேண்டும். அவசரம் என்று யாரும் எங்களைத் துரத்தியதில்லை.

கல்யாணப் பதிவேடு என்பதே எங்கள் பிரிவின் உயிர். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து தங்களுக்கு வேண்டிய டிசைன், வேண்டிய பாத்திரம் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். உறவுக்காரர்கள் வந்து அதைப் பார்த்து வாங்கிக் கொடுப்பார்கள். ஒரே சாமான் இரண்டு முறை வராது. இந்தப் பழக்கத்தை 1924-இல் தொடங்கிவைத்ததே ஃபீல்ட்ஸ்தான் என்பார்கள். இதில் ஒரு சுகம் என்னவென்றால், அம்மா கல்யாணத்துக்குப் பதிந்துகொண்ட அதே கவுண்ட்டருக்கு மகளும் வருவாள். "என் அம்மாவின் டிசைனில் இரண்டு கப் உடைந்துவிட்டது, கிடைக்குமா?" என்று கேட்பாள். டிசைன் பெயர் தெரியாது. "ஓரத்தில் நீலக் கோடு, நடுவில் ஒரு பூ" என்பாள். அதை வைத்துக்கொண்டே எந்தக் கம்பெனிப் பீங்கான், லெனாக்ஸா, வெட்ஜ்வுட்டா, ஸ்போடா என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த ஞானம் கம்ப்யூட்டரில் இல்லை, அவர்கள் தலையில் இருந்தது.

கையுறைப் பிரிவைப் பற்றி அவர்கள் சொன்னதை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. இப்போது கையுறை என்றால் ரேக்கில் தொங்குவதை எடுத்துப் போட்டுப் பார்க்கிறோம். அப்போது கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்து, கவுண்ட்டர் மேல் இருக்கும் சின்ன வெல்வெட் தலையணையில் முழங்கையை ஊன்றி, கையை நேராக மேலே நீட்டவேண்டும். விற்பனைப் பெண் ஒரு மர இடுக்கியை கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் விட்டு விரித்து, உள்ளே கொஞ்சம் பவுடர் தூவி, நான்கு விரல்களை முதலில் ஏற்றி, கட்டைவிரலைக் கடைசியில் ஏற்றி, உள்ளங்கைப் பக்கம் மெல்ல நீவிவிடுவாள். ஆட்டுக்குட்டித் தோல் என்பதால் முதல்முறை எப்படிப் போடுகிறோமோ அப்படியே அது படியும். தப்பாக இழுத்தால் தையல் விட்டுப்போகும். கையைப் பார்த்த மாத்திரத்தில் கையுறை அளவில் கால் பங்கு வித்தியாசம்கூடச் சொல்லிவிடும் பெண்கள் இருந்தார்களாம். 60களில் கையுறை போடும் வழக்கம் போனது. அந்தத் திறமை இருந்தவர்களை ஸ்கார்ஃபுக்கும் ஹேண்ட்பேகுக்கும் மாற்றினார்கள்.

பணம் வாங்குவதே அந்தக் காலத்தில் ஒரு தனிக் காட்சி. பல பெரிய கடைகளில் கவுண்ட்டரில் கல்லா கிடையாது. பில் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதி, பில்லையும் நோட்டையும் ஒரு பித்தளைக் குப்பிக்குள் போட்டு மூடி, சுவரோரம் ஓடும் குழாயின் வாயில் வைத்தால் காற்று அதை உறிஞ்சிக்கொள்ளும். குழாய்க்குள் அது சரசரவென்று ஓடுவது கேட்கும். கட்டிடத்தின் அடியில் ஓர் அறையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். விழுகிற குப்பியைத் திறந்து, பில்லைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, சில்லறை போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பிலடெல்பியாவின் வானமேக்கர் கடையில் 1880-லேயே இந்தக் குழாய் வந்துவிட்டது. சில்லறை வந்து சேரும்வரை கஸ்டமர் அங்கேயே இருந்தாக வேண்டும், இல்லையா? அந்த ஓரிரண்டு நிமிடம்தான் விற்பனைப் பெண்ணின் நேரம். குழந்தைகளைப் பற்றிக் கேட்பாள், அடுத்த வாரம் வரப்போகும் சரக்கைச் சொல்வாள். கஸ்டமரின் பெயரும் வீட்டு விசேஷங்களும் அப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தன. கடனில் வாங்குகிறவர்களுக்கு சார்ஜா பிளேட் என்று பெயர் பொறித்த சின்ன உலோகத் தகடு, 1930களிலிருந்து இருந்தது. அதை அச்சில் வைத்து அழுத்தினால் பில்லில் பெயரும் முகவரியும் பதியும். எங்கள் மூத்தவர் ஒருவர் தன் அம்மாவின் தகட்டைப் பர்ஸிலேயே வைத்திருந்தார்.

வேலை செய்கிறவர் சொல்வது மேலே போய்ச் சேர்ந்தது என்பதும் முக்கியம். ஃபீல்ட்ஸ் கடையின் புகழ்பெற்ற சாப்பாட்டு அறையே அப்படி வந்ததுதான். கடையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இது. 1890-இல் தொப்பிப் பிரிவில் விற்பனை செய்துகொண்டிருந்த ஹெரிங் என்ற அம்மையார், டவுன்டவுனில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை என்று இரண்டு கஸ்டமர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, தன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த சிக்கன் பாட் பை என்ற, கோழிக்கறியை மாவால் மூடிச் சுட்ட பண்டத்தை அவர்களுக்குப் பரிமாறினார். அப்புறம் அதுவே வழக்கமாகி, ஒரு சின்ன டீ ரூம் ஆகி, 1907-இல் ஏழாவது மாடி வால்நட் ரூம் என்ற பெரிய உணவகமாக வளர்ந்தது. அந்த டீ ரூமுக்காக முதலாளியிடம் வாதாடியவர் ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ். 1879-இல் சாதாரணப் பையனாக இங்கே சேர்ந்து மேலே வந்தவர், 1909-இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் தன் பெயரிலேயே கடை திறந்தார். மார்ஷல் ஃபீல்டும்கூட 1856-இல் சிகாகோவுக்கு வந்தபோது ஒரு கடைச் சிப்பந்திதான்.

இந்த மாதிரி கடைகள் ஒரு முழு ஊராகவே இயங்கின. மருத்துவ அறை, ஊழியர் கேன்டீன், நூலகம், பாட்டுக் குழு எல்லாம் உண்டு. வானமேக்கர் கடையில் 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காகச் செய்த, குழாய்களில் காற்றடித்து ஒலிக்கும் ஆர்கன் என்ற ராட்சத இசைக்கருவியை வாங்கிவந்து 1911-இல் நடு முற்றத்தில் நிறுவினார்கள். அதைப் பெரிதாக்கிக்கொண்டே போவதற்கென்று கட்டிடத்தின் மேல்மாடியில் சொந்தமாக ஒரு பட்டறையே நடத்தினார்கள். இன்று அதில் 28,000-க்கும் மேலான குழாய்கள். துணி விற்கிற கடைக்குச் சம்பளத்தில் ஆர்கன் தச்சர்கள்! எங்கள் ஃபீல்ட்ஸில் 13-ஆவது மாடியில் ஃப்ராங்கோ என்ற புதினா சாக்லெட் செய்யும் சமையற்கூடம் இருந்தது. 1999-இல் அதை மூடி உற்பத்தியை பென்சில்வேனியாவுக்கு மாற்றினார்கள். ஊரே கோபப்பட்டது, மேயர்கூடக் கண்டித்தார். சுவை அப்படியேதான் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மேல்மாடிக்காரர்கள் நம் கண்ணெதிரே கிண்டி ஊற்றியதை கீழ்மாடியில் நாம் விற்கிறோம் என்பதில் ஒரு பெருமிதம் இருந்தது, அது போயிற்று.

கிறிஸ்துமஸ் சீசனை விட்டுவிட்டு இந்தக் கடையைப் பற்றிப் பேச முடியாது. ஸ்டேட் தெருக் கண்ணாடி ஜன்னல்களில் ஒவ்வொரு வருடமும் ஒரு கதை பொம்மைகளாக நிற்கும். ஆர்தர் ஃப்ரேஸர் என்பவர் 1895 முதல் 1944 வரை அரை நூற்றாண்டு இந்த ஜன்னல்களை அலங்கரித்தார். ஜன்னல் அலங்காரம் ஒரு கலை என்று அமெரிக்கா ஒத்துக்கொண்டதற்கு அவர் பெரிய காரணம். பின்னாளில் ஹாலிவுட்டில் பெயர் பெற்ற இயக்குநர் வின்சென்ட் மினெல்லியும் இளம் வயதில் இங்கே ஜன்னல் அலங்காரத்தில் வேலை பார்த்தவர்தான். வால்நட் ரூம் நடுவில் 45 அடி உயர மரம். அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட மணிக்கணக்கில் வரிசை. எங்களுக்கு அந்த வாரங்களில் கால் வீங்கும், முதுகு விட்டுப்போகும், பெட்டி கட்டிக் கட்டி விரல் நுனி வெடிக்கும். ஆனாலும் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒரே மாதிரி கோட்டு போட்டுக்கொண்டு, எங்கள் கடையின் அடர்பச்சைப் பையைக் கையில் வாங்கும்போது முகம் மலர்கிறதே, அதை நேரே பார்ப்பது நாங்கள்தான்.

இனி, மறைக்கக்கூடாத பக்கம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று மொத்தமாகச் சொல்ல நான் தயாராக இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கடைகளின் இளம்பெண்களுக்குக் கிடைத்த சம்பளத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி மூன்று வேளை சாப்பிடுவதே பெரும்பாடு. 1913-இல் இலினாய் மாநில செனட் குழு ஒன்று சிகாகோவின் பெரிய கடை முதலாளிகளையும் நிர்வாகிகளையும் கூண்டில் நிறுத்தாத குறையாக அழைத்து, "நீங்கள் கொடுக்கும் கூலியில் ஒரு பெண் மானத்தோடு வாழ முடியுமா?" என்ற ரீதியில் விசாரித்தது. பளிங்குத் தூண்களுக்கு நடுவே நின்ற பெண்களின் நிலைமை அது.

அதைவிடப் பெரியது நிறம். அமெரிக்காவின் பெரிய கடைகளில் பல பத்தாண்டுகளுக்குக் கறுப்பினத்தவர் லிஃப்ட் ஓட்டலாம், மூட்டை தூக்கலாம், சமையலறையில் நிற்கலாம். கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்க முடியாது. கவுண்ட்டர்தானே கற்றுக்கொள்ளும் இடம், மரியாதை கிடைக்கும் இடம், கமிஷன் கிடைக்கும் இடம்? அந்தக் கதவைத்தான் அடைத்துவைத்தார்கள். வாங்க முடியும், விற்க முடியாது என்ற இந்த அநியாயத்துக்கு எதிராக 1934-இல் நியூயார்க் ஹார்லெமில் ப்ளும்ஸ்டீன் கடையைப் புறக்கணித்து, கறுப்பினப் பெண்களை விற்பனைக்கு எடுக்க வைத்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் சாமான் வாங்கலாம், ஆனால் அதே கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1960 அக்டோபர் 19-ஆம் தேதி அட்லாண்டாவின் ரிச்ஸ் கடைச் சாப்பாட்டு அறையில் மாணவர்களோடு போய்ச் சாப்பாடு கேட்டதற்காகத்தான் மார்ட்டின் லூதர் கிங் கைதானார். இந்தக் கடைகளை நினைத்து உருகுகிறவர்கள் இந்தத் தேதியையும் சேர்த்தே நினைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். என்னோடு வேலை பார்த்த கறுப்பினத் தோழி ஒருவரின் அம்மா ஒரு பெரிய கடையில் லிஃப்ட் ஓட்டினார். மகள் கவுண்ட்டரில். இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு தலைமுறை மட்டும் இல்லை.

சரி, இவ்வளவு பெரிய கடைகள் எப்படிச் சரிந்தன? கார் வந்தது, மக்கள் புறநகருக்குப் போனார்கள், 1956-இல் மினியாபொலிஸ் அருகே சௌத்டேல் திறந்ததிலிருந்து கூரை போட்ட மால்கள் பெருகின. இதை எல்லோரும் சொல்வார்கள். உள்ளே இருந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். முன்பெல்லாம் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்தக் கொள்முதல்காரர் உண்டு. கஸ்டமர் கேட்டு நம்மிடம் இல்லாத சாமானை நாங்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். பத்துச் சீட்டு ஒரே சாமானுக்கு வந்தால் அடுத்த மாதம் அது அலமாரியில் இருக்கும். கடைகள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கியதும் கொள்முதல் எங்கோ தூரத்து ஊரின் தலைமை அலுவலகத்துக்குப் போனது. ஃபீல்ட்ஸ் 1982-இல் ஒரு கை மாறியது, 1990-இல் டேட்டன் ஹட்சன் கைக்கு, 2004-இல் மே நிறுவனத்துக்கு, அடுத்த வருடமே மேசீஸ் கடைகளை நடத்திய ஃபெடரேட்டடுக்கு. எழுதிக் கொடுத்த சீட்டு யாரிடம் போகிறது என்றே தெரியாத நிலையில் விற்பனைப் பெண்ணுக்கு என்ன பிடிப்பு இருக்கும்? நிரந்தர ஆட்களைக் குறைத்து, பகுதி நேர ஆட்களை எல்லாப் பிரிவுக்கும் மாற்றி மாற்றி விட்டால் யார் தட்டைத் தட்டிப் பார்ப்பது?

2006 செப்டம்பர் 9-ஆம் தேதி ஃபீல்ட்ஸ் பெயரை எடுத்துவிட்டு மேசீஸ் என்று மாற்றினார்கள். கடிகாரத்துக்குக் கீழே எதிர்ப்பு அட்டை பிடித்து நின்றவர்களில் பழைய ஊழியர்களும் பழைய கஸ்டமர்களும் இருந்தார்கள். டெட்ராய்ட்டின் ஹட்சன்ஸ் கடை 1983-லேயே மூடி, 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிலடெல்பியா வானமேக்கர் கட்டிடத்தில் கடைசியாக இருந்த மேசீஸ் 2025 மார்ச்சில் மூடியது. அந்த வகையில் சிகாகோ கொடுத்துவைத்த ஊர். கட்டிடம் இருக்கிறது, கீழ்த்தளங்களில் மேசீஸ் நடக்கிறது, விதானமும் கடிகாரங்களும் வால்நட் ரூமும் இருக்கின்றன. ஹெரிங் அம்மையாரின் பாட் பை இன்றும் மெனுவில் உண்டு. போனால் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். சென்னை மவுண்ட் ரோட்டில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பழைய ஸ்பென்ஸர் கடையும் இதே ரகம்தான். 1980களின் தொடக்கத்தில் தீயில் போனது. அங்கே நின்று வேலை பார்த்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்துவையுங்கள். கட்டிடத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதற்குப் புகைப்படம் இருக்கிறது. எந்தப் பிரிவில் நின்றார்கள், யார் வேலை கற்றுக்கொடுத்தது, நல்ல சரக்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள், பில் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வந்தது, யாரையெல்லாம் கவுண்ட்டரில் நிற்கவிடவில்லை என்று கேளுங்கள்.